வழி தெரிந்தவர் கூலி

2024 ஜனவரியில் ஒரு நாள், கூடலூர் காவலர் குடியிருப்புப் பகுதியில் ஒரு பெரிய கார் படிக்கட்டில் இறங்கி நின்றது. ஊட்டியில் விடுமுறையைக் கழித்துவிட்டு நண்பர்களோடு கர்நாடகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர், கைபேசி வரைபடம் காட்டிய குறுக்குவழியை நம்பி வண்டியைத் திருப்பியிருந்தார். வழி போய் முடிந்த இடம், மனிதர்கள் நடந்து இறங்கும் படிகள். சக்கரம் படியில் இறங்கிய பிறகுதான் அது சாலை அல்ல என்று தெரிந்தது. அக்கம்பக்கத்தவர்களும் போலீசாரும் ஓடிவந்து, வண்டியை மீட்டுச் சாலையில் சேர்த்தார்கள். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அந்தத் தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் ஒரு வெளியூர்க்காரர் நீலகிரியில் வண்டி ஓட்டலாம் என்பது மிகச் சமீபத்திய பழக்கம். அதற்கு முன் இருநூறு ஆண்டுகளாக இந்த மலைக்கு வந்த அந்நியர் பெரும்பாலும் வாகனத்தை மட்டும் தனியாக வாடகைக்கு எடுத்ததில்லை. வாகனத்தோடு வழி தெரிந்த ஓர் ஆளும் வந்தார். கொடுத்த காசில் பெரும்பகுதி அந்த ஆளின் தோளுக்கும் கண்ணுக்கும் கைக்கும்தான்.

ஆள் இல்லாமல் வண்டியை மட்டும் வாடகைக்குக் கொடுக்கும் தொழில் சமவெளியில் பிறந்தது. 1916இல் அமெரிக்காவின் ஒமாஹா நகரத்தில் ஜோ சாண்டர்ஸ் என்பவர் தன்னுடைய ஃபோர்டு மாடல் டி காரை மைலுக்குப் பத்து சென்ட் என்று வாடகைக்கு விட்டார். எவ்வளவு தூரம் ஓடியது என்று கணக்குப் பார்க்க, முன்சக்கரத்தில் ஒரு மீட்டரைப் பொருத்தினார். இரண்டே ஆண்டில் சிகாகோவில் வால்டர் ஜேக்கப்ஸ் பன்னிரண்டு கார்களோடு இதே தொழிலைத் தொடங்கினார். நெப்ராஸ்காவும் இல்லினாயும் கண்ணுக்கு எட்டிய வரை தட்டையான ஊர்கள். அங்கே மைல் கணக்குத் தெரிந்தால் போதும். மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் இடையே உள்ள தூரம் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் அந்தத் தூரத்துக்குள் ஏற வேண்டிய உயரம் கிட்டத்தட்ட 1,900 மீட்டர். இங்கே மைல் கணக்கை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819 ஜனவரியில் மலையேறியபோது வண்டிப்பாதை என்று ஒன்றும் இல்லை. பாதை இல்லாமல் இல்லை. தோடர், கோத்தர், படகர், குறும்பர், இருளர் என்று மலையில் வாழ்ந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக நடந்த தடங்கள் இருந்தன. சமவெளிச் சந்தைகளோடு கொடுக்கல் வாங்கலும் இருந்தது. வெளியிலிருந்து வந்தவருக்குத்தான் அந்தத் தடங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் ஏறும் பாதையை லெப்டினன்ட் மேக்பெர்சன் 1820களின் தொடக்கத்தில் அமைத்தார். குன்னூர் வழியாக ஏறும் மலைப்பாதை 1830களின் தொடக்கத்தில், கவர்னர் லஷிங்டன் காலத்தில், பயனியர் படையினரின் கைகளால் வெட்டப்பட்டது. அதிலும் சக்கரம் வைத்த வண்டி சுலபமாக ஏற முடியாது. மனிதத் தோள், குதிரை, பொதிமாடு, இவைதான் வாகனம்.

தாமஸ் பாபிங்டன் மெக்காலே 1834 ஜூனில் சென்னையில் வந்து இறங்கினார். கவர்னர் ஜெனரல் பென்டிங்க் உடல்நிலை காரணமாக அப்போது ஊட்டியில் தங்கியிருந்தார். அங்கேயே வந்து பார்க்கும்படி உத்தரவு. பெங்களூர், ஸ்ரீரங்கப்பட்டணம், மைசூர் வழியாக நானூறு மைல். அத்தனை தூரமும் மனிதர்களின் தோளில் ஏறி வந்ததாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். நம் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலக் கல்வியோடு சேர்த்துப் படிக்கப்படும் பெயர் மெக்காலே. அவர் இந்தியாவில் செய்த முதல் நெடும்பயணம், பெயர் எழுதி வைக்கப்படாத பல்லக்குத் தூக்கிகளின் உழைப்பில் நடந்தது.

அந்த உழைப்பை ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். ஒரு பல்லக்குக்கு வழக்கமாகப் பன்னிரண்டு பேர் வரை இருப்பார்கள். ஒரு முறைக்கு நான்கு அல்லது ஆறு பேர் தூக்க, மற்றவர்கள் பக்கத்திலேயே ஓடிவருவார்கள். நடையை நிறுத்தாமலே தோள் மாற்றுவார்கள். இரவென்றால் முன்னால் ஒருவர் தீவட்டியோடு. முன்னால் போகிறவர் பாட்டாகவோ குரலாகவோ கொடுக்கும் சைகையில்தான் பின்னால் இருப்பவருக்குக் கல்லும் பள்ளமும் தெரியவரும். மலையில் பல்லக்கு சாய்ந்தால் உள்ளே இருப்பவர் சரிந்து விழுவார். ஆகவே ஏற்றத்தில் பின்னால் இருப்பவர்கள் கழியை உயர்த்திப் பிடிக்க வேண்டும், இறக்கத்தில் முன்னால் இருப்பவர்கள். தாழ்ந்த பக்கம் எதுவோ அந்தப் பக்கத்துத் தோள்களில் பளு கூடும். பயணி உள்ளே படுத்துக்கொண்டு புத்தகம் படிக்கலாம். வழியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை.

வழி தெரியாததோடு இன்னோர் ஆபத்தும் இருந்தது. மலையடிவாரக் காடு காய்ச்சலுக்குப் பேர்போனது. அங்கே இரவு தங்கினால் உயிரோடு மேலே போய்ச் சேர்வோமா என்ற அச்சம் பயணிகளுக்கு இருந்தது. மலேரியாவுக்குக் கொசுதான் காரணம் என்று ரொனால்ட் ராஸ் நிறுவியது 1897இல். அதற்கு முன் கெட்ட காற்றுதான் காய்ச்சலைத் தருகிறது என்று நம்பினார்கள். எந்த நேரத்தில் அடிவாரத்தைத் தாண்ட வேண்டும், எங்கே தங்கக் கூடாது என்ற கணக்கெல்லாம் தூக்கிகளும் மாட்டுக்காரர்களும் அறிந்தது. அந்தக் காய்ச்சல் அவர்களையும் விட்டுவைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சக்கரம் உருளத் தக்க குன்னூர் சாலை கர்னல் லா என்ற பொறியாளரின் மேற்பார்வையில் 1870களின் தொடக்கத்தில் தயாரானது. குன்னூருக்குக் கீழே சாலையோரத்தில் விழும் லாஸ் அருவிக்கு அவர் பெயர்தான். 1873இல் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை ரயில் வந்தது. சென்னை அரசாங்கமே கோடை தோறும் ஊட்டிக்கு இடம்பெயர்ந்த காலம் அது. கோப்புகள், குமாஸ்தாக்கள், துரைசாணிகளின் பெட்டிகள் எல்லாம் ஏற வேண்டும். ரயிலடியில் இறங்கியவர்களுக்காக டாங்கா வண்டிகள் காத்திருந்தன. இரண்டு சக்கரம், இரண்டு மட்டக்குதிரை. சில மைலுக்கு ஒருமுறை குதிரைகளை அவிழ்த்துப் புதிய ஜோடியைப் பூட்டினார்கள். மூட்டை முடிச்சுகள் மாட்டுவண்டியில் பின்னால் மெதுவாக வந்தன.

டாங்கா ஓட்டியைப் பற்றித் தனிப் புத்தகம் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் அவர் வேலையை ஊகிப்பது கடினமில்லை. ஒருபக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பள்ளம். எதிரே பாரம் ஏற்றிய மாட்டுவண்டி வரிசை. எந்த வளைவில் ஒதுங்க இடம் இருக்கிறது, எந்த இடத்தில் ஊற்றுநீர் கசிந்து குளம்பு வழுக்கும், மழை விட்ட மறுநாள் எந்த மண்திட்டு சரியும், இதையெல்லாம் தினமும் ஏறி இறங்குகிறவர்தான் அறிவார். இன்று அதே சாலையில் பேருந்து ஓட்டுகிறவருக்கும் தெரிந்திருக்க வேண்டியவை இவையேதான். 1993 நவம்பரில் மரப்பாலம் அருகே மலை சரிந்து சாலையையே அடித்துக்கொண்டு போனது. உயிர்களும் போயின. மழைக்காலத்தில் அந்த இடத்தைக் கடக்கும் உள்ளூர் ஓட்டுநர்கள் இன்றும் ஒரு பார்வை மேலே பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.

1899 ஜூனில் மலை ரயில் குன்னூர் வரை ஏறியது. 1908இல் ஊட்டியைத் தொட்டது. டாங்காத் தொழில் அதோடு தளர்ந்தது. ரயில் பாதை மொத்தம் 46 கிலோமீட்டர், 208 வளைவுகள், 16 குகைகள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் பதித்திருக்கிறார்கள். சில இடங்களில் பன்னிரண்டரை அடி போனால் ஓரடி ஏற்றம். யுனெஸ்கோ 2005இல் இதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இந்தப் புள்ளிவிவரங்கள் எல்லாச் சுற்றுலாக் கையேட்டிலும் இருக்கும். கையேட்டில் அதிகம் இல்லாத ஒன்றைக் கவனிக்க வேண்டும். கல்லாறு–குன்னூர் பகுதியில் இன்ஜின் முன்னால் இருந்து இழுப்பதில்லை, பின்னால் இருந்து தள்ளுகிறது. ஆகவே இன்ஜின் ஓட்டுநருக்கு எதிரே இருக்கும் பாதை தெரியாது. முதல் பெட்டியின் முகப்பில் கொடியோடு நிற்பவர்தான் அவருக்குக் கண். பெட்டிக்கு ஓர் ஆள் பிரேக் பிடிக்க உட்கார்ந்திருப்பார். இன்ஜின் விசில் கொடுக்கும் கணக்கைக் கேட்டு அத்தனை பேரும் ஒருசேர பிரேக்கை இறுக்குவார்கள், தளர்த்துவார்கள். தீவட்டி பிடித்தவரும் பின்தூக்கியும் வேறு உருவில் தொடர்ந்தார்கள் என்றே இதைப் பார்க்கத் தோன்றுகிறது.

பிறகு மோட்டார் வந்தது. மலைச்சாலைகளில் பேருந்துகள் ஓடின. 1972இல் சேரன் போக்குவரத்துக் கழகம் உருவானபோது கோவையோடு நீலகிரியின் அரசுப் பேருந்துகளும் அதன்கீழ் வந்தன. சுற்றுலாப் பயணிக்கு வாய்த்தது அம்பாசிடர் டாக்ஸி.

அம்பாசிடர் காலத்து மலையேற்றத்தை நடுவயதுக்காரர்கள் பலர் மறந்திருக்க மாட்டார்கள். மேட்டுப்பாளையத்தில் பாக்குத் தோப்புகளைத் தாண்டி கல்லாறு. அங்கிருந்து பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். பர்லியாறு வருவதற்குள் இன்ஜின் கொதித்துவிடும். ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டி, சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கல்லை வைத்துவிட்டு, போனட்டைத் திறப்பார். பழந்துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைப் பாதி திருப்பி, ஆவி அடங்கும்வரை தள்ளி நிற்பார். பிறகு தகர டப்பாவில் ஓடைத் தண்ணீர். அதற்குள் பிள்ளைகள் பலாச்சுளையோ மங்குஸ்தானோ தின்று முடித்திருப்பார்கள். குடும்பத்தில் யாருக்குத் தலைசுற்றுகிறது, யாரை முன்சீட்டில் உட்கார வைக்க வேண்டும் என்பதை அந்த ஐந்து நிமிடத்தில் அவர் கண்டுபிடித்துவிடுவார். ஊட்டியில் எந்த லாட்ஜில் சுடுதண்ணீர் வரும் என்பதும் அவருக்குத் தெரியும். மறுநாள் தொட்டபெட்டா, தாவரவியல் பூங்கா, குன்னூரில் சிம்ஸ் பூங்கா, டால்பின் நோஸ் என்று சுற்றிக் காட்டுவதும் அவரே.

வண்டி ஓட்டுவது அவருடைய வேலையில் ஒரு பங்குதான். பலா பழுக்கும் ஜூன், ஜூலையில் பர்லியாறு பக்கமும் கோத்தகிரி சாலையில் குஞ்சப்பனை பக்கமும் யானை சாலைக்கு வரும் என்று அவர் அறிவார். அந்தி சாய்ந்ததும் தேயிலைத் தோட்டத்திலிருந்து காட்டுமாடு இறங்கும். அது சாலையில் நின்றால் ஹாரன் அடிக்கக் கூடாது, விளக்கைத் தணித்துக் காத்திருக்க வேண்டும். மே மாத சீசனில் குன்னூர் வழியே ஏறி கோத்தகிரி வழியே இறங்கும் ஒருவழி ஏற்பாடு எந்த நாளில் தொடங்குகிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். இதற்கெல்லாம் அவர் தனியாகக் கட்டணம் வாங்கவில்லை. எல்லாம் ஒரே கூலிக்குள் அடக்கம்.

இந்தக் கூலியை வண்டியிலிருந்து பிரித்துவைக்க சட்டம் வழி செய்தது 1989இல். மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வந்த வாடகைக் கார் திட்டம், குறைந்தது ஐம்பது கார் வைத்திருப்பவர் உரிமம் பெற்று, ஓட்டுநர் இல்லாமல் கார்களை வாடகைக்கு விடலாம் என்றது. டாக்ஸிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் இந்த வண்டிகளுக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. சட்டம் வந்தும் நீண்ட நாள் நம் ஊர்களில் இது பரவவில்லை. 2010களில் கைபேசிச் செயலிகள் வந்தபின் பெங்களூரிலும் சென்னையிலும் கோவையிலும் தொழில் சூடுபிடித்தது. பெங்களூரிலிருந்து ஒரு வாரக் கடைசிக்கு எட்டும் மலை ஊட்டி. உரிமம் வாங்காமல் சொந்த உபயோகத்துக்கான வெள்ளைப் பலகைக் கார்களையும் சிலர் வாடகைக்கு விட, தங்கள் பிழைப்பு போகிறது என்று மலையின் மஞ்சள் போர்டு ஓட்டுநர்கள் குரல் எழுப்பினார்கள். அந்தக் குரலில் நியாயம் இருக்கிறது. வாடகை வண்டிக்கான வரியைக் கட்டி, தகுதிச் சான்றும் வாங்கி ஓட்டுபவரின் எதிரே அவை எதுவும் இல்லாத வண்டி வந்து நின்றால் யாருக்குத்தான் மனம் கொதிக்காது?

பிழைப்பைத் தாண்டிய கவலை ஒன்றும் உண்டு. வாடகைக் காரை எடுத்து வருகிறவருக்கு அந்த வண்டியும் புதிது, சாலையும் புதிது. வண்டி எந்த அழுத்தத்தில் எவ்வளவு நிற்கும் என்று காலுக்குப் பழகியிருக்காது. சமவெளியில் அது ஒரு குறையே அல்ல. மலையிறக்கத்தில் அதுவே உயிர்ப் பிரச்சினை.

ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்பது மலை ஓட்டுநர்களின் பால பாடம். கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கைத் தொட வேண்டிய நேரம் குறையும். பழக்கமில்லாதவர் டாப் கியரில் இறங்குவார். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்களும் உண்டு. இருபது நிமிடம் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சக்கரத்திலிருந்து கருகல் வாடை வரும். அது முதல் எச்சரிக்கை. அதையும் தாண்டிப் போனால் மிதி மெத்தென்று உள்ளே போகும், வண்டி நிற்காது. தானியங்கி கியர் வண்டியிலும் இறக்கத்துக்கென்று தாழ்ந்த கியர் வைத்திருக்கிறார்கள். ஆனால் 'டி'யில் போட்டால் எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று பழகியவருக்கு அது நினைவுக்கு வருவதில்லை. இரண்டாம் கியரில் செல்லவும் என்று மலைச்சாலைகளில் பலகை வைத்திருப்பது இதற்காகத்தான். பக்கத்து சீட்டில் இருந்த ஆள் சொல்லவேண்டியதை இப்போது பலகை சொல்கிறது. ஒதுங்க இடமில்லாத மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டிதான் வழிவிட வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டுச் சாலை விதிகளிலேயே வந்துவிட்டது. ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி நகர்த்துவதன் பாடு தெரிந்தவர்கள் எழுதிய விதி அது.

வெளியூர்க்காரர்தான் விபத்தில் சிக்குவார் என்றோ, ஓட்டுநர் வைத்துக்கொண்டால் பயமில்லை என்றோ சொல்லிவிட முடியாது. 2023 செப்டம்பர் 30 அன்று தென்காசி மாவட்டம் கடையத்திலிருந்து வந்த சுற்றுலாப் பேருந்து மரப்பாலம் அருகே பள்ளத்தில் விழுந்து ஒன்பது பேர் இறந்தார்கள். அந்த வண்டியை ஓட்டியவரும் தொழில்முறை ஓட்டுநர்தான். மலை எல்லோரையும் ஒரே தராசில்தான் நிறுக்கிறது.

அரசும் நீதிமன்றமும் இப்போது வேறு முறைகளில் வாசலைக் காக்கின்றன. பந்திப்பூர் வழியாக மைசூர் போகும் சாலை 2009 முதல் இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை வாகனங்களுக்கு அடைக்கப்படுகிறது. வனவிலங்குகள் அடிபட்டுச் சாவதைத் தடுக்க வந்த ஏற்பாடு அது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வர இ-பாஸ் வேண்டும். மலை எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்று ஆராயும் பொறுப்பைச் சென்னை ஐஐடியிடமும் பெங்களூர் ஐஐஎம்மிடமும் ஒப்படைத்தார்கள். 2025 ஏப்ரலில் சீசனுக்கென்று வார நாட்களில் 6,000, வாரக் கடைசியில் 8,000 வண்டிகள் என்று வரம்பு வந்தது. உள்ளூர்ப் பதிவெண் உள்ளவர்களுக்கும் அரசுப் பேருந்துக்கும் அந்த வரம்பு பொருந்தவில்லை. வண்டிகளை எண்ணுவதற்கு இது உதவும். ஓட்டுகிறவருக்கு மலை தெரியுமா என்று கேட்க இ-பாஸில் இடமில்லை.

அந்தக் கேள்வியை நேரடியாகக் கேட்கும் சாலை ஒன்று உண்டு. ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் வழியில் தலைக்குந்தா. அங்கே வலப்பக்கம் பிரிந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்குகிறது பழைய சீகூர் கணவாய்ப் பாதை. இதுவும் 1830களில் மைசூர்ப் பக்கத்துப் போக்குவரத்துக்காக வெட்டப்பட்டதுதான். 36 கொண்டை ஊசி வளைவுகள். முதுமலை தெப்பக்காட்டுக்குக் கூடலூர் வழியே 67 கிலோமீட்டர், கல்லட்டி வழியே 36. வரைபடத்தைப் பார்க்கிற எவரும் இந்த வழியைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். கோடு குட்டையாகத் தெரியும், சரிவு தெரியாது.

2018 அக்டோபர் தொடக்கத்தில் சென்னையிலிருந்து வந்த ஏழு பேர் மசினகுடிக்குக் கிளம்பினார்கள். அவர்கள் வரவில்லை என்று தேடத் தொடங்கி, இரண்டு நாள் கழித்துத்தான் கல்லட்டிப் பள்ளத்தில் கார் கண்டுபிடிக்கப்பட்டது. ஐந்து பேர் இறந்திருந்தார்கள். இரண்டு பேர் அத்தனை நேரமும் அந்தப் பள்ளத்தில் உயிரோடு கிடந்தார்கள். சாலையில் போன எந்த வண்டிக்கும் கீழே ஒரு கார் கிடப்பது தெரியவில்லை. அதன்பின் வெளியூர் வண்டிகள் கல்லட்டியில் இறங்குவதற்குத் தடை வந்தது. நீலகிரிப் பதிவெண் கொண்டவை மட்டும் இறங்கலாம்.

தலைக்குந்தா சோதனைச் சாவடியில் போலீஸ்காரர் முதலில் பார்ப்பது நம்பர் பலகையை. டிஎன் 43 என்றிருந்தால் கை அசைத்து அனுப்புகிறார். கர்நாடகம், கேரளம், சென்னைப் பதிவெண்கள் கூடலூர் சாலைக்குத் திரும்புகின்றன. அவற்றில் கறுப்புப் பலகைக் கார்களும் உண்டு. சிலர் வண்டியைவிட்டு இறங்கி, கைபேசியில் நீலக் கோட்டைக் காட்டி, இது முப்பது கிலோமீட்டர் மிச்சம் அல்லவா என்று கேட்கிறார்கள். அவர் பொறுமையாகச் சொல்கிறார்: "நைட்டுக்குள்ள போகணும்னா கூடலூர் ரோட்லயே போயிடுங்க சார். இல்ல, இந்த வழியாத்தான் போகணும்னா வண்டிய ஊட்டியில விட்டுட்டு லோக்கல் டாக்ஸி ஒண்ணு பிடிங்க. டிரைவரோட."